ஊமையான அரண்மனைக் கம்ப்யூட்டர்

செங்கழனி நாட்டை உத்தமகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவர் படுக்கையறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ராஜா காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தினமும் விடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் ராஜாவின் புகழைக் கணீரென்று பாடும். அதைக் கேட்டால்தான் அவருக்குப் பல் தேய்க்கவே மனசு வரும்.

ஒரு சனிக்கிழமை காலை அது பாடவில்லை. திரையில் படம் அசைந்தது, எழுத்து ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை.

உடனே தலைமை அமைச்சர் ஆதிமூலம் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். குழு ஸ்பீக்கரை மாற்றியது. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகியது. கம்ப்யூட்டரை ஏழு முறை அணைத்து ஏழு முறை போட்டது. ஆஸ்தான ஜோதிடர் சொன்னாரென்று மேசையோடு தூக்கி ஈசானிய மூலையில் வைத்தது. திங்கட்கிழமை காலை, வேறு வழியில்லாமல் அறிக்கை கொடுத்தது: 'ஒலி களவு போயிருக்கிறது. கம்ப்யூட்டரைப் பராமரிப்பவள் தையல்நாயகி. ஆகவே...'

ராஜா 'ஆகவே' வரைக்கும்தான் படித்தார். "உச்சிப்பொழுதுக்குள் அவள் நாட்டை விட்டுப் போகட்டும்!" என்று சொல்லிவிட்டார்.

சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் கோலப்பன் காதில் இது விழுந்தபோது அவன் முன்னால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. தையல்நாயகி ஒரு துரும்பைக்கூடத் திருடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு ஓடினான். அவள் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நெசமாவே உனக்குக் காரணம் தெரியாதா?"

"பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. திரை ஓரத்துல ஸ்பீக்கர் படம் இருக்கும்ல, அது மேல பெருக்கல் குறி விழுந்திருக்கு. சத்தத்தை நிறுத்துற பட்டன யாரோ அமுக்கியிருக்காங்க. இன்னொரு தடவை அமுக்கினா வந்துடும்."

"அமுக்கித் தொலைக்க வேண்டியதுதானே!"

"அந்தப் பட்டனை ராஜா ஒருத்தர்தான் தொடலாம். குழுவே கிட்டப் போகல. அப்ப அமுக்கினது யாருங்க? அதை நான் எந்த வாயால சொல்றது? ராஜா தப்பே பண்ணமாட்டாருன்னு சட்டம் இருக்கு. இப்ப நாட்டை விட்டுத்தான் போகணும். சொன்னேன்னு வைங்க, தலை போயிடும்."

கோலப்பனுக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்தால் அரண்மனையில் ஒரு கதவும் திறக்காது என்பதும் தெரியும். நேரே எழுத்தரின் ஏட்டறைக்குப் போனான்.

செங்கழனி நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா வாயிலிருந்து எது வந்தாலும் உத்தரவு. கூடவே நிற்கும் எழுத்தர் அதை ஏட்டில் ஏற்றி, கீழே 'மறு உத்தரவு வரும் வரை' என்று எழுதிவிடுவார். பத்து வருஷத்துக்கு முன் ஒருநாள் ராஜா வயிற்றுவலியில், "இனிமேல் கத்தரிக்காயே வேண்டாம்" என்று முனகினார். இன்றைக்கும் அந்த நாட்டில் தேடினாலும் ஒரு கத்தரிச்செடி கிடைக்காது.

கோலப்பன் ஏட்டைப் புரட்டினான். தேடியது கிடைத்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அமைச்சரும் குழுவும் சூழ்ந்து நின்ற ராஜாவின் அறைக்குள் நுழைந்து, கம்ப்யூட்டரின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"என்னடா இது? திருடன் அகப்பட்டானா?" என்றார் ராஜா.

"திருட்டே நடக்கவில்லை, மன்னா. உங்கள் ராஜ்யத்திலேயே உத்தமமான ஊழியன் அகப்பட்டான். அதுதான் ஒரு கும்பிடு போட்டேன்." எழுந்து ஏட்டை விரித்தான். "வெள்ளிக்கிழமை, விடியற்காலை. மன்னர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, 'சும்மா கிட' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். மறு உத்தரவு வரும் வரை."

ராஜாவின் மீசை துடித்தது.

"அப்படியானால் தப்பு என்னுடையது என்கிறாயா?"

கோலப்பன் விடவில்லை.

"தப்பா? யார் தப்பு செய்தார்கள்? நீங்கள் உத்தரவு போட்டீர்கள், அது கீழ்ப்படிந்தது. ஏழு முறை அணைத்தார்கள், வாய் திறந்ததா? மூலைக்கு மூலை தூக்கிக்கொண்டு போனார்கள், ஒரு முனகல் உண்டா? அதே வெள்ளிக்கிழமை அமைச்சரிடம் 'போதும் நிறுத்து' என்று பதினொரு முறை சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் இதில் இருக்கிறது. அவர் நிறுத்தினாரா?"

"மன்னா, அது என்னவென்றால், அன்றைய தினம் நான் விரிவாக..." என்று ஆதிமூலம் ஆரம்பித்தார்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொந்தி குலுங்கச் சிரித்தார். "சரி, என் உத்தம ஊழியனே, இதோ மறு உத்தரவு. பாடு!" என்று பட்டனைத் தட்டினார்.

"இமை கொட்டாமல் குடிகளைக் காக்கும் கோமகனே!" என்று கம்ப்யூட்டர் அறை அதிரப் பாடியது. வெள்ளிக்கிழமை போர்வைக்குள் கிடந்த கோமகன் லேசாக இருமிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். "எங்கள் குழுவின் அயராத உழைப்பு" என்று ஆதிமூலம் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கோலப்பனுக்குப் போட்டார்.

கோலப்பன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"மாலை போட்டும் ஏன் முகம் இப்படி இருக்கிறது?"

"கம்ப்யூட்டருக்கு மறு உத்தரவு கிடைத்துவிட்டது, மன்னா. கோட்டை வாசலில் தையல்நாயகி மூட்டையும் கையுமாக நிற்கிறாள். அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை."

ராஜாவின் சிரிப்பு நின்றது. பிறகு எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"எழுது. தையல்நாயகி மூட்டையைப் பிரிக்கலாம். அதைக் கட்டியிருந்த கயிற்றை வாங்கி விசாரணைக் குழுவிடம் கொடு. அவர்கள் மூட்டை கட்டட்டும்!"