முந்நூறு வாத்துக்கு ஒரு தொண்டை

ஒரு ஊர்ல ஒரு... சேச்சே, ஒரு ஊர்லன்னு எப்படிடீ சொல்றது? அவங்களுக்கு ஊரே கெடையாது. எந்த ஊர்ல நெல்லு அறுத்து முடியுதோ, அந்த ஊருக்கு வாத்தை ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. சரி, ஊர் ஊரா ஒரு குடும்பம்னு வச்சுக்கோ. போர்வையை இழுத்துக்கோ. அத்தைக்கு 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும்.

ம்.

அப்பா பேரு மண்ணாங்கட்டி. சிரிக்காத! அவருக்கு முன்னாடி பொறந்த ரெண்டு புள்ளைங்க தங்கல. இதாவது எமன் கண்ணுல படாம இருக்கட்டும்னு அப்படிப் பேரு வச்சாங்க. அம்மா பேரு முனியம்மா. ஒரே மக பச்சையம்மா, பதிமூணு வயசு. சொத்துன்னு பாத்தா முந்நூறு வாத்து. வீடு இல்ல, நெலம் இல்ல. வாத்து முட்டை போட்டாத்தான் அடுப்பு எரியும்.

ராத்திரி வாத்தை அடைச்சு வச்ச வலைப்பட்டியைக் காலையில தெறந்ததும் மண்ணாங்கட்டி முன்னாடி நின்னு, "ஹோ...ய் பா! பா! பா!"ன்னு ஒரு குரல் குடுப்பாரு. உடனே முந்நூறும் குவாக் குவாக்னு அவரு பின்னாடியே போகும். குஞ்சுல இருந்து அந்தக் குரலைக் கேட்டே வளந்ததுங்க. அதனால அவங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு. மந்தைக்கு ஒரு தொண்டைதான். ரெண்டு பேரு கூப்பிட்டா வாத்து கொழம்பிடுமாம். பச்சை வாயைத் தெறந்தாலே, "உஷ்!"ம்பாரு அப்பா.

பாவம், அவ வாயை மூடிக்கிட்டு கடைசியிலதான் நடப்பா. கையில ஒரு கூடை. அதுல ஏழு நொண்டி வாத்து. "இதுங்களைக் கறிக்குக் குடுத்துடலாம்"னு அப்பா எத்தனையோ தடவை சொன்னாரு, அவ விடல. அப்பா காதுல விழாத தூரத்துல, அதுங்களுக்கு மட்டும் நாக்கை மடிச்சு மெதுவா, "ட்ச்சு... ட்ச்சு... ட்ச்சுவா"ன்னு கொஞ்சுவா. கேக்குறியா?

ம்.

அப்புறம் ஒரு நாள் மண்ணாங்கட்டிக்குக் காய்ச்சல். அனலாக் கொதிக்குது, தொண்டை வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "ஐயா, ஒரு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மீறிக் கத்துனீங்க, அப்புறம் இந்தக் குரல் திரும்பவே திரும்பாது"ன்னுட்டாங்க.

அம்மா தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "குரல் இல்லைன்னா வாத்து இல்ல. வாத்து இல்லைன்னா நாம என்னத்தைச் சாப்பிடுறது?"

பச்சை சொன்னா, "நான் கூப்பிடுறேம்மா."

மறுநாள் பட்டியைத் தெறந்தாங்க. பச்சை அப்பா மாதிரியே தொண்டையைக் கட்டையாக்கிக்கிட்டு, "ஹோ...ய் பா!"ன்னா. கீச்சுன்னு வந்துது. வாத்தெல்லாம் அவளை ஒரு பார்வை பாத்துது, அப்புறம் தடதடன்னு எதிர்ப்பக்கம் ஓடி, அறுக்காத வயல்ல பூந்துடுச்சு! வயக்காரரு கத்துன கத்துல பச்சைக்கு உசுரே போயிடுச்சு.

இது ஒண்ணு. அப்புறம்?

ம்.

ரெண்டாவது நாள் அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டா. முழங்கால் வரைக்கும் தொங்குது. தலையில அவரு முண்டாசு, கையில அவரு கம்பு. வாத்துங்க ஏமாந்து பத்தடி வந்துடுச்சு. அப்போ இவ வாயைத் தெறந்தா பாரு, அவ்வளவுதான், அத்தனையும் திரும்பி நின்னுடுச்சு. கண்ணு ஏமாந்தாலும் காது ஏமாறல. பச்சை அந்த முண்டாசுலயே மூஞ்சைப் பொத்திக்கிட்டு அழுதா. அப்பா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியல பாரு அந்த மனுஷனால. பக்கத்துல வந்து முதுகைத் தடவிக் குடுத்தாரு.

அதுக்கப்புறம் அம்மாவும் மகளும் பின்னாடி இருந்து கம்பை ஆட்டி ஆட்டித்தான் ஓட்டுனாங்க. இந்தப் பக்கம் மடக்குனா அந்தப் பக்கம் ஓடும். கால் வீங்கிப் போச்சு, முட்டை பாதியாக் கொறைஞ்சு போச்சு.

மூணாவது... தூங்கிட்டியா? இதுதான்டீ பெருசு. ம் கொட்டு.

ம்ம்.

ஐப்பசி மழை. சோன்னு மூணு நாளாக் கொட்டுது. மத்தியானம் மழை விட்டதும் வாத்தை வாய்க்கால்ல எறக்குனாங்க. கூடையில இருந்த ஏழு நொண்டியும் குளிக்கட்டும்னு பச்சை எறக்கி விட்டா. அப்போ மேல எங்கயோ ஏரி நெறைஞ்சு, தண்ணி கபகபன்னு வந்துடுச்சு. வாத்துங்களுக்கு ஒரே குஷி, மெதந்துக்கிட்டே போகுதுங்க. கீழ தடுப்பணை இருக்கு, அதுல விழுந்தா அந்தப் பக்கம் வெறும் பாறை. சிக்கி செதைஞ்சு போயிடும்!

"பச்சை! எல்லாம் போச்சேடீ!"ன்னு அம்மா கரையில ஓடுறா. கம்பு எட்டல. மண்ணாங்கட்டி ஓடி வந்தாரு. நெஞ்சு நெறைய மூச்சை இழுத்தாரு, கத்துறதுக்கு.

பச்சை பாத்துட்டா. எகிறிப் போயி அப்பா வாயை ரெண்டு கையாலயும் பொத்திட்டா!

"வேணாம்ப்பா! வாத்து போனாப் போகட்டும். உன் குரல் போகக் கூடாது!"

அவரு கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு அவ கையில விழுந்துது.

அப்பா வாயைப் பொத்துன கையை எடுக்காமயே திரும்பி வாய்க்காலைப் பாத்தா. அப்பா மாதிரி கூப்பிடணும்னு இப்போ அவளுக்குத் தோணவே இல்ல. வயித்துல இருந்து அவளோட கூப்பாடே கெளம்பி வந்துது. "ட்ச்சு! ட்ச்சு! ட்ச்சுவா...!"

கரை அதிருது! யம்மாடி, என்னா குரல்டீ அது!

நடுத்தண்ணியில ஒரு தலை திரும்புச்சு. அப்புறம் இன்னொண்ணு. அந்த ஏழும்தான். தரையிலதான் நொண்டி, தண்ணியில ஏது நொண்டி? சரசரன்னு எதிர்த்தண்ணியில நீந்தி வருதுங்க. பக்கத்து வாத்து பாத்துது, அதுவும் திரும்புச்சு. அதைப் பாத்து அடுத்தது. கொஞ்ச நேரத்துல மந்தையே வளைஞ்சு கரைக்கு வருது. பதக் பதக்னு ஏறி, எறகை ஒதறி, பச்சை காலைச் சுத்தி நின்னுதுங்க. அம்மா எண்ணிப் பாத்தா. முந்நூறு. ஒண்ணு கொறையல.

அன்னையில இருந்து மந்தை பச்சை குரலுக்குத்தான் நடந்துது. அப்புறம் மாசம் முடிஞ்சுது. "இனிமே பேசலாம்"னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மறுநாள் விடிஞ்சதும் மண்ணாங்கட்டி ஆசை ஆசையாப் பட்டியைத் தெறந்து, "ஹோ...ய் பா! பா!"ன்னாரு. அதே பழைய கணீர் குரல்!

வாத்துங்க எழுந்துது. அவரைப் பாத்துது. அப்புறம் பின்னாடி கூடையோட நின்ன பச்சையைப் பாத்துது. ஒண்ணும் நகரல.

பச்சைக்குத் தெரிஞ்சு போச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டு மூச்சு விடாம நின்னா. அவ கூப்பிட்டா வந்துடும். ஆனா அப்பா மனசு என்னாவும்?

மண்ணாங்கட்டி மந்தையைப் பாத்தாரு, மகளைப் பாத்தாரு. மெல்ல நடந்து வந்து அவ கையில இருந்த கூடையை வாங்கிக்கிட்டாரு. கம்பை அவ கையில குடுத்தாரு.

"என்னடீ, வாயில கொழுக்கட்டையா? கூப்பிடு."

"அப்பா... மந்தைக்கு ஒரு தொண்டைதானேப்பா?"

"ஆமா. அது உன்னுதுதான், நட."

அவ கூப்பிட்டா. முந்நூறும் கெளம்புச்சு. முன்னாடி பச்சை, நடுவுல வாத்து, எல்லாத்துக்கும் பின்னாடி மண்ணாங்கட்டி. கூடைக்குள்ள குனிஞ்சு, யாரும் பாக்கலையேன்னு ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு, "ட்ச்சு... ட்ச்சு... ட்ச்சுவா"ன்னு பழகிக்கிட்டே போறாரு.

ம் எங்கடீ? ம்?

சரி சரி. வாத்தெல்லாம் படுத்துடுச்சு, கதையும் படுத்துடுச்சு. நீயும் தூங்குடா தங்கம்.