க வரவும்

"மேடம், ஹால்ல பத்துப் பேர் எழுந்து நிக்கிறாங்க."

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"க. பூவரசனை."

"என்ன சொல்லிச்சு?"

"'க வரவும்'னு சொல்லிச்சு. 'க'ன்னு பேர் தொடங்குறவங்க எல்லாரும் எழுந்துட்டாங்க."

நிலோஃபர் சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பது வயது. எதிரே நின்ற மாணவர் அறவாழிக்கு ஐம்பத்திரண்டு.

அந்தக் கண் மருத்துவமனையில் இருபது வருடம் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அறவாழி. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் அளவுக்குத்தான் குரல் எழும்பியது. அவளிடம் புரோகிராம் கற்றுக்கொண்டார். அவருடைய புரோகிராம் பட்டியலிலிருந்து பேரை எடுக்கும். பேசத் தெரிந்த இன்னொரு புரோகிராமை எழுப்பி அதனிடம் கொடுக்கும். அது ஸ்பீக்கரில் கூப்பிடும்.

இன்று முதல் நாள். முதல் பேரே பூவரசன். ஒரு கண்ணில் புரை, மறு கண்ணில் கட்டு. திரையைப் பார்க்க முடியாது, காது ஒன்றுதான் துணை. டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"காலையில தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாப் போச்சு. எழுத்து வகையை மாத்தினேன். இப்ப தமிழ் போகுது, ஆனா 'க'வோட நின்னுடுது. என் திரையில முழுப் பேரும் இருக்கு மேடம்! மறுபடி வகையை மாத்தட்டுமா?"

"வேணாம்."

"நானே போய்க் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

"அவருக்குப் பின்னால நாப்பது பேர் இருக்காங்க."

அறவாழிக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவள் ஒரு தாளில் 'க. பூவரசன்' என்று எழுதினாள். குறுக்கே கிழித்து இரண்டு துண்டையும் நீட்டினாள்.

"ஐயோ, ஒரு பேரை ரெண்டாக்கிட்டீங்களே!"

"எங்க கிழிஞ்சிருக்குன்னு பாருங்க."

பார்த்தார். புள்ளிக்கும் 'பூ'வுக்கும் நடுவில்.

"அங்க ஒண்ணுமே இல்லையே."

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் அது பார்க்குது."

சுத்தமாகப் புரியவில்லை. அப்பா எழுத்துக்கும் பிள்ளை பேருக்கும் நடுவே இடம் விடுவதுதானே முறை? அறுபது வருடமாக அந்த மனுஷன் அப்படித்தானே எழுதிவந்திருப்பார்?

மின்விசிறிக் காற்றில் 'க' பறந்தது. பாய்ந்து பிடித்தார். மறுபடி பறக்காமல் இருக்க, மேசையில் கிடந்த மருந்துக் கவரில் இரண்டையும் போட்டு மூடினார்.

கை அப்படியே நின்றது.

கவரின் இந்த ஓரத்தைப் பார்த்தார். அந்த ஓரத்தைப் பார்த்தார்.

தன் இருக்கைக்கு ஓடினார். பேருக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி, பின்னால் ஒன்று. அவ்வளவுதான் போட்டார்; இனி நடுவில் இடம் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே பேர்.

"க. பூவரசன் வரவும்."

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கதவருகே வந்தார்.

"ஏன்யா, இவ்வளவு நேரமா எங்கப்பாவையே கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க? அவரு போயி முப்பது வருசமாச்சு."