வெண்மார்பன் சூட்டிய பெயர்

தென்துருவத்துப் பனிக்கடலில் வெண்மார்பன் என்றொரு பென்குவின் இருந்தது. அதற்கு ஒரே ஒரு ஆசை. புது உயிர் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் பெயரையே சூட்ட வேண்டும்!

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது உயிரைக் கண்டவர் அதைச் சபைக்குக் கொண்டுவர வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று அங்கம் அங்கமாகச் சொல்ல வேண்டும். உடனே அவர் வைத்த பெயரைப் பனிச்சுவரில் கொத்துவார்கள். பிறகு அந்த உயிரைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்து, பெயருக்குக் கீழே பதித்துவிடுவார்கள். அடுத்த பாறையில் குடியிருந்த ஆலாப் பறவையின் பெயரில் ஏற்கெனவே மூன்று மீன்கள் உறைந்து கிடந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெண்மார்பனுக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் அது கடலடியில் மூழ்கித் தேடியபோது, சேற்றில் ஒரு கடல் அட்டை படுத்திருந்தது. வெள்ளரிக்காய் போலத் தடித்த உடம்பு. ஊதா நிறம். முதுகில் இரண்டு வரிசை முள். வாயைச் சுற்றிப் பத்து விரல்கள். இப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"வாழ்த்துகள்! நீ ஒரு புது இனம்!" என்று கூவியது வெண்மார்பன்.

"புதுசா? முப்பது வருஷமா நான் இங்கேதான் சேறு தின்னுக்கிட்டு இருக்கேன்!" என்றது அட்டை.

"எனக்குப் புதுசு! அது போதும். சபைக்கு வா, உனக்குப் பேர் வைக்கிறேன்!"

"என்ன பேரு?"

"என் பேருதான்!"

"நல்லா இருக்குய்யா நியாயம்! சரி, வச்சிட்டு விட்டுடுவியா?"

"விடுறதாவது! பனிக்கட்டிக்குள்ள உறைய வைப்போம். காலம் பூரா கெடாம இருப்பே!"

அட்டை சேற்றுக்குள் நகரப் பார்த்தது. "பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆளை விடு!"

வெண்மார்பனா விடும்? அலகால் கவ்விப் பிடித்தது. உயிருக்குப் பயந்தால் கடல் அட்டை செய்கிற வேலை ஒன்று உண்டு. சாப்பிடும்போது கேட்காதீர்கள். தன் குடல் மொத்தத்தையும் பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்துவிடும்! சில வாரங்களில் புதுக் குடல் முளைத்துக்கொள்ளும். இந்த அட்டையும் அதைத்தான் செய்தது. தண்ணீர் கலங்கியது. பென்குவின் திடுக்கிட்டு அலகைத் திறந்தது. அட்டை நழுவிச் சேற்றுக்குள் புதைந்துகொண்டது.

கலங்கல் தெளியும்வரை காத்திருக்க வெண்மார்பனுக்குப் பொறுமை இல்லை. கலங்கலுக்குள் மறுபடி கொத்தி, அலகில் சிக்கியதைக் கவ்விக்கொண்டு கரையேறியது. தொங்கியதோ கொழகொழவென்று நீளமாக இருந்தது. முள்ளைக் காணோம். விரல்களைக் காணோம். ஊதா நிறத்தையும் காணோம்! வெண்மார்பனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. "தண்ணிக்குள்ள நான்தான் சரியாப் பார்த்திருக்க மாட்டேன்" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டது. சுவரில் கொத்தப்போகும் பெயர் கண்ணுக்குள் மின்னும்போது, அலகில் இருப்பதை இன்னொரு முறை பார்க்க யாருக்கு மனம் வரும்?

சபை கூடியது. பருத்த பெண் சீல் ஒன்று தலைமை தாங்கியது.

வெண்மார்பன் நெஞ்சை நிமிர்த்தியது. "தலை கிடையாது! கால் கிடையாது! நீளமோ நீளம்! இதற்குப் பெயர் வெண்மார்பன்!"

பெயரைக் கொத்தினார்கள். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். ஆலாவின் முகம் சுருங்கியது. வெண்மார்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உறைய வைப்பதற்காக சீல் அதைக் கையில் வாங்கியது. மோந்து பார்த்தது. மூக்கைச் சுளித்தது.

"ஏம்ப்பா, இது குடல்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவமானம் தாங்காமல் வெண்மார்பன் சீலிடம் ஓடியது.

"அம்மா, பேரை அழிச்சிடுங்கம்மா!" என்று கெஞ்சியது.

"கொத்தின பேரை அழிக்கிற வழக்கம் இங்கே இல்லை. ஒண்ணை அழிச்சா, நாளைக்கு ஆளாளுக்கு அடுத்தவன் பேரை அழிக்கக் கிளம்பிடுவான். குடலுக்கு இனிமே வெண்மார்பன்னுதான் பேரு!" என்றது சீல்.

அன்று முதல் அந்தக் கடலில் குடலைக் குடல் என்று யாரும் சொல்வதில்லை. "ரெண்டு நாளா என் வெண்மார்பன் சரியில்லை. ஒரே கடமுடா!" என்று திமிங்கிலம் புலம்பும். "இந்த வயசுல வெண்மார்பன் எதையும் தாங்க மாட்டேங்குது!" என்று சீல் அலுத்துக்கொள்ளும். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பென்குவின் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கும்.

ஒரு பொருளைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அதில் தன் பெயரைப் பொறிக்கத் துடிப்பவனுக்கு, ஊர் கூடிச் சிரிக்கும் புகழே மிஞ்சும்.