ராஜா மீசையின் வலது பக்கம்

மீசை வைத்த ராஜாக்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். மீசைக்காகவே ராஜாவாக இருந்தவர் வேங்கைக்கோட்டை வீரகண்டர் ஒருத்தர்தான். காலையில் சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, ஒரு கரண்டி பசுநெய்யை உருக்கி மீசையில் தடவாமல் வெளியே வரமாட்டார். மீசை முறுக்கிக்கொண்டு நிற்கும். நெய் தாடையில் சொட்டும்.

அவர் சபையில் அழகியநம்பி என்று ஒரு விகடர். பெரிய தொந்தி, மழுமழு முகம், அடங்காத வாய்.

ஒருநாள் பட்டத்து யானையின் தங்க நெற்றிப்பட்டத்தைக் காணோம். யானைக்குத் தழை வெட்டிப் போடும் வெயிலுமுத்துவைப் பிடித்து வந்துவிட்டார்கள். விடியற்காலையில் அவன் யானை கட்டும் கொட்டாரத்திலிருந்து மூட்டையோடு போனதை இரண்டு காவலர்கள் பார்த்தார்களாம்.

"சாமி, அது யானைச் சாணம்! கத்திரிச் செடிக்கு எரு போட எடுத்துட்டுப் போனேன்!" என்று அவன் கதறினான்.

யார் காதில் விழுந்தது? அந்த நாட்டுச் சட்டம் அப்படி. கண்ணால் பார்த்த இரண்டு சாட்சி போதும். திருடன் பேச்சு சபையில் ஏறாது. பொழுது சாய்வதற்குள் தண்டனையும் முடிந்துவிட வேண்டும்.

"தலையை எடுங்கள்!" என்றார் ராஜா.

"ஆஹா, சுடச்சுடத் தீர்ப்பு!" என்றார் மந்திரி பூவராகம்.

வெயிலுமுத்துவின் மனைவி இசக்கி சபை நடுவில் விழுந்தாள். "என் புருஷன் கடுகளவு திருடமாட்டாரு மகாராசா! இன்னும் ரெண்டு நாள் தேடிப் பாருங்க!"

வெளியே கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. நம்பிக்கு வயிற்றைப் பிசைந்தது. காலையில் உள்ளே போனது கொஞ்சநஞ்சமா?

"மகாராஜா, சுடச்சுட இன்னொரு வழக்கும் இருக்கிறது" என்று எழுந்தார். "அம்மனுக்கு வைத்த சர்க்கரைப் பொங்கலை யாரோ காலையிலேயே வழித்துத் தின்றுவிட்டார்கள். படைப்பதற்கு முன்னாலேயே!"

"என்ன அநியாயம்! அம்மன் பொங்கலில் கை வைத்தவன் மீசையை எடுக்க வேண்டும். எங்கள் தாத்தா போட்ட சட்டம்!"

"எவனாக இருந்தாலுமா?"

"எவனாக இருந்தாலும்!"

"அவன் ஏதாவது சமாதானம் சொன்னால்?"

"திருடன் பேச்சு சபையில் ஏறாது ஐயா! சாட்சியைக் கூப்பிடும்!"

பொங்கல் வைக்கும் செங்கமலமும் பூக்கட்டும் ஆதிமூலமும் வந்து நின்றார்கள்.

"பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றார் நம்பி. "காலையில் மடைப்பள்ளிப் பக்கம் யார் வந்தது?"

"ஒருத்தர் போனாருங்க" என்றாள் செங்கமலம். "மீசை பூரா நெய். தாடையில சொட்டுச்சு."

"நானும் பார்த்தேன்" என்றார் ஆதிமூலம்.

"பொங்கல் நெய்! சந்தேகமே இல்லை!" என்று மந்திரி துள்ளினார்.

"யாரம்மா அவன்?" ராஜா கர்ஜித்தார். "பயப்படாமல் காட்டு. உன்மேல் ஒரு துரும்பு விழாது, என் ஆணை!"

செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். ஆதிமூலமும் நீட்டினார். இரண்டு விரலும் சிம்மாசனத்தைக் காட்டின.

ராஜா துள்ளி எழுந்தார்.

"அடப்பாவிகளா! அது நான் மீசைக்குத் தடவுகிற நெய்! நந்தவனத்துக்குப் போகிற வழியில் மடைப்பள்ளியைத் தாண்டினேன், அவ்வளவுதான்!"

"திருடன் பேச்சு..." என்று நம்பி மெல்ல இழுத்தார்.

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார். சொன்ன சொல்லை மாற்றினால் ராஜா என்று சொல்லிக்கொள்ள முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை நீட்டினார். அரண்மனை நாவிதர் சடையப்பன் கத்தியோடு வந்தார். சர்ர்ர்க்! வலது பக்க மீசை ராஜாவின் மடியில் விழுந்தது.

"நிறுத்தும், நிறுத்தும்! பொங்கலைத் தின்றது நான்!" என்று நம்பி கூவினார். "வாசனை இழுத்துவிட்டது மகாராஜா. இதோ, விரலை முகர்ந்து பாருங்கள். இன்னும் ஏலக்காய் மணக்கும்."

ராஜா முகர்ந்தார். மணத்தது.

"அயோக்கியா! நீ தின்ற பொங்கலுக்கு என் மீசையா? பிடியுங்கள் இவனை! இவன் மீசையை எடுங்கள்!"

"எந்த மீசையை மகாராஜா?" நம்பி தன் மழுமழு முகத்தைத் தடவிக் காட்டினார். சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"அப்படியென்றால் என் மீசையைத் திருப்பி ஒட்டு! இப்போதே!"

நம்பி பயபக்தியோடு ஒட்டிப் பார்த்தார். விழுந்துவிட்டது. மறுபடி ஒட்டினார். மறுபடி விழுந்தது.

"ஒட்டாது மகாராஜா. ஆனால் கவலை வேண்டாம், மூன்று மாசத்தில் முளைத்துவிடும்." நம்பி வெயிலுமுத்துவின் கழுத்தைத் தொட்டார். "நீங்கள் மீசை நெய் என்றீர்கள். இவன் யானைச் சாணம் என்கிறான். நாளைக்கே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டால், இந்தத் தலை எத்தனை மாசத்தில் முளைக்கும்?"

ராஜாவின் கை தானாக வலது உதட்டோரம் போனது. அங்கே ஒன்றுமில்லை. வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

"கத்தி தீட்டுகிறவனைப் போகச் சொல்லுங்கள்" என்றார்.

மூன்றாம் நாள் மந்திரி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "மகாராஜா, மோசம் போனேன்! பட்டத்தை மெருகு போட நான்தான் நகை செய்யும் பத்தரிடம் அனுப்பியிருந்தேன். சுத்தமாக மறந்துபோய்விட்டது!"

இசக்கி புருஷன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "அன்னைக்கே வெட்டியிருந்தா, யாரு எனக்குத் திருப்பித் தந்திருப்பா?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நம்பி, புதுச் சட்டம் என்ன என்று நீரே சொல்லும்" என்றார்.

"பிடிபட்டவன் பேசட்டும். காவலர்கள் நன்றாகத் தேடட்டும். அதற்குப் பிறகும் ஒரு தலையை எடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ராஜா தன் மீசையை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது பழையபடி முளைக்கிறவரை அந்தத் தலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்."

ராஜா அரை மீசை துடிக்க விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே ஓலையில் முத்திரை குத்தினார். நம்பிக்குத் தினமும் ஒரு பானை சர்க்கரைப் பொங்கல், அம்மனுக்குப் படைத்த பிறகு!

அதன் பின் வீரகண்டர் முப்பது வருஷம் ஆண்டார். கடைசிக் காலத்தில் அவர் நந்தவனத்துக்குப் போனால், மீசை தரையில் புரளாமல் இருக்க ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்களாம்.