பன்னிரண்டு முறுக்குப் பொட்டலம்

வேதவல்லி சாட்சி சொல்ல நீதிபதி முன் நின்றாள். புருஷனுடைய பென்ஷன் இப்போது அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லில்தான் இருந்தது. கேளுங்கள், ஆனால் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள்.

அவள் புருஷன் தணிகாசலம் ராணுவத்தில் நாயக் பதவி; அசாம் எல்லையில் வேலை. லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது, காட்பாடியில் சென்னை ரயில் ஏறப்போய்த் தவறி விழுந்தான். ஒரு கால் போயிற்று. மண்டையில் பட்ட அடியில் அன்றைய நினைவும் போயிற்று. சட்டைப்பையில் இருந்த டிக்கெட், ரத்தத் துணியோடு ஆஸ்பத்திரிக் குப்பையில் போய்விட்டது. படைக்குத் திரும்பும் வழியில் அடிபட்டிருந்தால் பென்ஷன் உண்டு. சொந்த ஜோலி என்றால் கிடையாது.

அவன் லீவுக்கு முன் எழுதிய கடிதம் ஒன்று ராணுவத் தீர்ப்பாயத்தில் தாக்கலாகி இருந்தது. "என்னோடு சேர்த்து அறையில் பதின்மூன்று பேர். போன லீவில் நீ கொடுத்த மைசூர்பாகுக்கு இங்கே அடிதடியே நடந்தது."

"அசாம் போய்ச் சேர நாலு நாள் ஆகுங்கய்யா. சென்னை போய்த்தான் வண்டி மாறணும்" என்றாள் வேதவல்லி.

"அந்த ரயில் அரக்கோணத்திலும் நிற்கும் அம்மா. மறுநாள் அங்கே உங்கள் உறவில் கல்யாணமாமே?" என்ற அரசு வக்கீல், அவன் விழுந்த இடத்தில் கிடந்த சாமான்களின் போலீஸ் பட்டியலை வாசித்தார். துணிப்பை ஒன்று. தகர டின் ஒன்று. அதில் பழைய பேப்பரில் கட்டிய முறுக்குப் பொட்டலம் பன்னிரண்டு. "கல்யாணச் சீர்தானே இது? டின் உங்களுடையதா, இல்லையா?"

ஐயோ! அவள் கையால் சுட்ட முறுக்கு. ஆமாம் என்றால் கல்யாணத்துக்குப் போனதாகிவிடும். இல்லை என்றால் யாரோ விட்டுப்போன டின் என்று தப்பிக்கலாம். வீட்டில் கட்டிலே கதியென்று கிடக்கும் மனுஷனை நினைத்தாள்.

வாசகர்களே, அவள் என்ன சொல்வது சரி? ஆமாம் என்றா, இல்லை என்றா?

விடை: ஆமாம் என்றுதான். சீரை எவராவது இரட்டைப்படையில் வைப்பார்களா? அதுவும் பழைய பேப்பரில் கட்டி! அறையில் பதின்மூன்று பேர், அவனை விட்டால் பன்னிரண்டு. "எங்க டின்தாங்கய்யா. அடிச்சுக்கக் கூடாதுன்னு ஆளுக்கு ஒண்ணா கட்டினேன்" என்றாள். நீதிபதி கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அவருக்கு ஒன்றும் கட்டவில்லையா அம்மா?"

"அவரு பங்கை வீட்டிலேயே தின்னுட்டாருங்கய்யா" என்று சொல்லி அழுதுவிட்டாள். பென்ஷன் கிடைத்தது.