ஓட்டை விழுந்த நிழல்

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும்; கேட்டால் பதில் சொல்லும். வேம்பின் நிழல் அப்போது பாய் விரித்தது போல, ஒரு ஓட்டை இல்லாமல் விழும். அதனால் அம்மை கண்ட பிள்ளைகளை அங்கேதான் கிடத்துவார்கள்.

உலகப்பன் சுவரில் சித்திரம் எழுதுகிறவன். பாளையக்காரர் கட்டிய மண்டபத்தின் வெளிச்சுவரில் ஒரு தோப்பு எழுத வந்திருந்தான். எதிரே நின்ற வேம்பில் தூளி கட்டி, அம்மை போட்டிருந்த மகள் பேச்சியைப் படுக்க வைத்திருந்தான். முத்து இறங்கும்வரை வெயில் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மனைவி ஆவுடை கூழ் காய்ச்சப் போயிருந்தாள்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டும். காய்ந்தால் வண்ணம் பிடிக்காது. மரங்களை எழுதிவிட்டான். எட்ட நின்று பார்த்த காவல்காரன், விசிறிகளை வரிசையாகச் செருகிய மாதிரி இருக்கிறது என்றான். உலகப்பனுக்கும் அப்படித்தான் பட்டது. நிழல் வரட்டும் என்று மரத்தடிகளில் விளக்குக்கரியைப் பூசினான். தோப்பு எரிந்து அணைந்தது போலாயிற்று. அதைத் துடைத்துவிட்டு வேம்பிடம் வந்தான்.

"ஆத்தா, உன் நிழலில் ஒரு கைப்பிடி கொடு. சுவர் காயுது."

"ஓரத்தில் எடுத்துக்கொள் அப்பா. நடுவில் கை வைக்காதே. உன் பிள்ளை கிடக்கிறது."

ஓரத்து நிழல் வெளிறியிருந்தது, சுவரில் எடுபடவில்லை. கருமை நடுவில்தான் இருந்தது. ஒரு பிடி கிள்ளினான். சுவரில் ஒரு மரம் எழுந்து நின்றது. இன்னொரு பிடி. அப்புறம் இன்னொன்று. வேம்பு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவன் கண் சுவரை விட்டு நகரவில்லை.

கடைசி மரம் முடிந்தபோது உச்சிப்பொழுது. தோப்புக்குள் போய் உட்காரலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தான். தூளியின் மேல் வட்டம் வட்டமாக வெயில் கிடந்தது. பேச்சி அசையவில்லை.

கூழோடு வந்த ஆவுடை அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தாள்.

"நல்ல நிழல்தான்யா. அதிலேயே படுக்கப் போடு இவளை."

உலகப்பன் தான் எழுதிய நிழலில் கை வைத்தான். சுட்டது.

கிள்ளியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சுரண்டிப் பார்த்தான். அது பூச்சோடு இறுகியிருந்தது. வேம்பு அதன் பிறகு யாரோடும் பேசவில்லை. இலைகளை இழுத்து இழுத்து ஓட்டைகளை அடைக்கப் பார்த்தது. ஒன்றை மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறந்தது.

அன்று முதல்தான் வேம்பின் நிழல் முழுதாக விழுவதில்லை. ஊரே புழுங்கும் நடுப்பகலிலும் அதன் இலைகள் ஓய்வதில்லை.