எந்த வேதாகமம், ஆயரம்மா?

"இதுல எத வாசிக்கணும்னு நீங்களே சொல்லிருங்க ஆயரம்மா. என்னால முடியல."

ரெஜினாள் டீச்சர் சாப்பாட்டு மேசையைக் காட்டினாள். தட்டு வைக்க இடமில்லை. எளிய தமிழில் ஒரு வேதாகமம். விளக்கக் குறிப்புகளோடு தலைகாணி கனத்தில் இன்னொன்று. இரண்டு மொழிபெயர்ப்புகளை எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சடித்த மூன்றாவது. அதுபோக விளக்கவுரைகள், தினதியானப் புத்தகங்கள்.

ஆயர் ஷீபா நாற்காலியில் கிடந்த விளக்கவுரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சபைக்குப் புதிதாக வந்தவர். டீச்சரின் மகள் வயதுதான் இருக்கும்.

"எல்லாம் நல்ல புத்தகந்தான டீச்சர்?"

"அதான் கஷ்டம். ஒண்ணுல ஒரு வசனத்த வாசிச்சா, மத்ததுல எப்படிப் போட்டிருக்குன்னு பாக்கத் தோணுது. பாத்தா வேற மாதிரி இருக்கு. எது சரின்னு விளக்கவுரையத் தொறந்தா, அதுல மூணு அபிப்பிராயம். ஒரு அதிகாரம் முடியல. ஜெபிக்க உக்காந்தாலும் வார்த்தை வரமாட்டேங்கு."

மேசையிலிருந்த ஒரு புத்தகத்தைத் தள்ளிவிட்டாள். பிறகு அவளே இழுத்து நேராக வைத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் வாசிப்பது அவள் கணவர் சற்குணம்தான். விளக்கு வைத்ததும் உரக்க வாசிப்பார். டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க வாசித்த வாய்க்கு அது ஓய்வு. தானாக எடுத்து வாசிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. காது கேட்கிறது, புரியவும் செய்கிறது, பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி நாம்தான் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் புத்தகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் எடுத்துக் காட்டியதில் ஒன்றையும் வேண்டாமென்று சொல்லத் துணிவில்லாமல், எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"எங்க உக்காந்து வாசிக்கீங்க?" என்று கேட்டார் ஆயர்.

"இங்கதான்."

"ஐயா?"

"அவுக உள்ள படுத்திருக்காவ. அவுக முன்னால நான் வாசிச்சா, நம்மால முடியலையேன்னு மனசு கஷ்டப்படுவாவல்லா? அதான் கதவச் சாத்திட்டு, சத்தமில்லாம வாசிக்கேன்."

ஆயர் எழுந்தார். மேசையிலிருந்த மூன்று வேதாகமங்களையும் அடுக்கி, மோவாயால் முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி உள்ளே போனார்.

"ஆயரம்மா!"

டீச்சர் பின்னாலேயே ஓடினாள்.

சற்குணம் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆயர் புத்தகங்களைக் கட்டிலில், அவர் காலடியில் வைத்தார்.

"ஐயா, டீச்சருக்கு எந்த வேதாகமம்னு தெரியலையாம். நீங்க சொல்லுங்க."

"அவுக எப்படி..."

"மாற்கு நாலாம் அதிகாரம், டீச்சர். படகுல புயல் வருமே, அந்த இடம்."

டீச்சர் எளிய தமிழை எடுத்தாள். தெளிவாகத்தான் இருந்தது. அவர் முகம் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. புயல் வருமுன்பே நிறுத்திவிட்டாள். குறிப்புகள் உள்ளதைத் திறந்தாள். முதல் வசனத்தோடு அதன் குறிப்பையும் வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயாவோட வேதாகமம் எங்க?"

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். ஆயர் அவளையே பார்த்தார்.

"அலமாரில. ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் நான் அதத் தொடல. அத எடுத்து நான் வாசிச்சா, அவுக இனிம வாசிக்கமாட்டாவன்னு நானே சொல்ற மாதிரி இருக்கு."

ஆயர் வழிவிட்டு ஒதுங்கினார். நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் டீச்சர் போய் எடுத்து வந்தாள். கறுப்பு அட்டை. முனையெல்லாம் சுருண்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இடத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினாள். பழைய நடை. சொற்கள் நீளநீளமாக வந்தன. காற்று எழும்பியது. அலைகள் படகின் மேல் மோதின. அப்போது ஆண்டவர் படகில் எங்கே இருந்தார் என்று சொல்லும் வரியில், பின்னணியம் என்ற சொல்லில் வந்து நின்றாள்.

பின்னணியமா? அப்படியென்றால் படகில் எந்த இடம்?

பழக்கத்தில் அவள் கை குறிப்புப் புத்தகத்துக்குப் போயிற்று. பக்கம் புரண்டது. அறையில் அந்தச் சத்தம் மட்டும்.

"தலை... காணி."

டீச்சரின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

உதடு கோணிக்கொண்டு முயன்றது. "தலை... யணை."

அவள் பதறி எழுந்தாள். அவர் தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்தாள். "வலிக்குதா? ஒசரமா இருக்கா? இன்னொண்ணு வைக்கட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை. மறுபடியும் ஆட்டினார். பழைய எரிச்சல் ஒன்று அந்த முகத்தில் தெரிந்தது.

ஆயர் குனிந்து, விரிந்து கிடந்த பக்கத்தில் விரலை வைத்தார். டீச்சர் நின்ற சொல்லுக்கு இரண்டு சொல் தள்ளி.

தலையணை.

டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பும் வந்தது. "பாவி மனுசா! தலையணை வேணும்னுல்லா நெனச்சிட்டேன்!"

அவருக்கும் வாயின் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அந்த வரியை மறுபடி எடுத்தாள். பின்னணியத்தைக் கடந்தாள். தலையணையைக் கடந்தாள். அடுத்த சொல்லுக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

"நித்... திரை," என்றார் சற்குணம்.

எத்தனையோ மாதம் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது இளகிப் போனதுபோல் இருந்தது அவளுக்கு. டாக்டரைக் கூப்பிட வேண்டும், மகளுக்குப் போன் போட வேண்டும், என்னென்னவோ செய்ய வேண்டும். ஆனால் எழுந்திருக்க மனமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆயர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஆயரம்மா, அந்தப் புத்தகமெல்லாம் கடையில திருப்பிக் குடுத்துரவா? இல்ல, வச்சுக்கிட்டு..."

சற்குணத்தின் இடது கை வந்து பக்கத்தின் மேல் விழுந்தது.

"மேல," என்றார். "மேல... வாசி."